மூன்று பிடி மண்ணுக்கு ஐந்து மாதம்

அக்கா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது. நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மூன்று வாரமாக எழுத உட்காருவதும், ஜெபின் கூப்பிட எழுந்து போவதுமாக இருக்கிறேன். வரிசை தப்பியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் அலுப்பாக இருக்கிறது.

அக்கா பிறந்தது இரணியலில். படித்து முடித்துத் தக்கலையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தார். அத்தான் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். திருமணமாகி எட்டு வருடம் காத்திருந்து பிறந்தவன் ஜெபின். மூன்று வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஆண்பிள்ளைக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும் என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. உபவாச ஜெபம், எண்ணெய், மருந்து எல்லாம் முடிந்த பிறகுதான் டாக்டர் ஆட்டிசம் என்றார். அக்கா மறுமாதமே வேலையை விட்டுவிட்டார்.

நாகர்கோவில் பயிற்சி மையத்துக்கு வாரம் மூன்று நாள், இரண்டு பஸ் மாறிப் போய்வருவார்கள். அங்கிருந்த டீச்சர் பல் தேய்ப்பதை ஒன்பது படியாகப் பிரித்துக் கொடுத்தார். ஒரு படி பழகிய பிறகே அடுத்தது. செய்து முடித்தால் உடனே அவனுக்குப் பிடித்த ஏதாவது ஒன்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் காதைத் திருகியே கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. சட்டைப் பொத்தான் போட அவனுக்கு ஒரு வருடம் பிடித்தது. அக்காவுக்கு அலுக்கவில்லை என்று சொன்னால் அது பொய். அலுத்துப்போய் அடுக்களையில் உட்கார்ந்து அழுவார். பிறகு எழுந்து வந்து முதல் பொத்தானிலிருந்து தொடங்குவார்.

சந்தோஷம் வந்தால் ஜெபின் இரண்டு கைகளையும் உதறுவான். கோயிலில் ஆராதனைப் பாட்டு தொடங்கியதும் உதறல் வரும். ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்களே என்று அக்கா பல வருடம் அவன் கைகளை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் கையை உதறினால் யாருக்கு என்ன கஷ்டம் என்று டீச்சர் ஒருநாள் கேட்டார். அன்றிலிருந்து அக்கா பிடிப்பதை விட்டார். பிடித்துவைத்த வருடங்களை நினைத்துக் கடைசிவரை வருத்தப்பட்டார்.

அத்தான் மாரடைப்பில் இறந்த பிறகு அக்காவும் ஜெபினும் நானும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஜெபினுக்கு இருபத்திரண்டு வயது. தனக்குப் பிறகு அவனை நான் பார்த்துக்கொள்வேனா என்று கேட்டார். என்னால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அக்கா அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

அக்கா போய்விட்டால் அடக்கத்தன்று அவனைப் பக்கத்து வீட்டில் வைத்திருக்கலாம், கூட்டத்தையும் பாட்டுச் சத்தத்தையும் தாங்காமல் அலறுவான் என்று பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது அக்கா காதில் விழுந்துவிட்டது.

"அம்மைக்க குழிக்க பக்கத்துல மொவன் நிக்காண்டாமா? அவன ஒளிச்சு வைக்காதுங்கோ. நான் அவனுக்கு எல்லாம் படிச்சுக் குடுப்பேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். கொல்லையில் தென்னங்கன்று வைக்கத் தோண்டிய குழி ஒன்று கிடந்தது. முதலில் அதன் ஓரத்தில் சும்மா நிற்கப் பழக்கினார். பிறகு போனில் அடக்கப் பாட்டு, நாளுக்கு நாள் கொஞ்சம் சத்தமாக. கையில் மண் படுவது ஜெபினுக்கு ஆகாது. முதலில் துணியில் பொதிந்த மண், பிறகு வெறும் மண், அடக்கத்தில் போடுவதுபோல மூன்று பிடி. ஐந்து மாதம் இது நடந்தது. உயிரோடு இருக்கும்போதே இது என்ன வேண்டாத வேலை என்று நான் கத்துவேன். மண்ணை எடுக்கும் நேரம் வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அக்காவை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் ஜெபின் அலறவில்லை. பாட்டுக்குக் கைகளை உதறினான். போதகர் சொன்னதும் மூன்று பிடி மண் எடுத்துப் போட்டான். பிறகு இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றான். இன்னும் மண் கேட்கிறான் என்று நினைத்துப் போதகர் இன்னொரு பிடியை வைத்தார். அவன் அதைக் கீழே கொட்டிவிட்டு மறுபடியும் நீட்டினான். முகம் கோணியது. "தண்ணி" என்றான். யாரோ பாட்டிலைக் கொடுத்தார்கள். அவன் குடிக்கவில்லை. பாட்டிலை என்னிடம் தந்துவிட்டுத் திரும்பவும் கைகளை நீட்டினான்.

பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒவ்வொரு நாளும் மூன்றாவது பிடிக்குப் பிறகு அக்கா அவன் கைகளைக் கழுவிவிட்டிருக்கிறார். அதைப் பார்க்காமல்தான் நான் கதவைச் சாத்தியிருக்கிறேன். கல்லறை ஓரத்திலேயே அவன் கைகளைக் கழுவிவிட்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அக்காவுக்குச் சிகிச்சை அளித்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், போதகருக்கும், சபையாருக்கும், இரவென்றும் பகலென்றும் பாராமல் வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், நாகர்கோவில் டீச்சருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஜெபின் என்னோடுதான் இருக்கிறான். முடியாது என்று சொன்னேன், இன்றும் முடியவில்லைதான். எனக்கு அறுபத்தொன்று ஆகிறது, முட்டு வலியும் இருக்கிறது. ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு மணி நேரம் வந்து அவன் பக்கத்தில் உட்காருங்கள். பேச வேண்டியதில்லை. ஒரு ஆளோடு பழக அவனுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் சீக்கிரமே வரத் தொடங்குங்கள்.