பூனை முதுகில் படிந்த வெள்ளை

1. வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக அக்கா எண்ணூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.
2. வீட்டுப் பூனை அவள் மடியை விட்டு இறங்கவில்லை.
3. அதன் முதுகில் வெள்ளைத் துகள்கள் தெரிந்தன. அனல்மின் நிலையச் சாம்பல் என்றோம்.
4. கழுத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டது. அதற்கும் சாம்பல்தான் காரணம் என்றோம்.
5. அக்காவின் கைகளிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள் வந்தன, கடுமையான அரிப்பு.
6. பூனையின் துகள்களை நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன்.

எங்கள் தெருவில் எதன் மீது வெள்ளை படிந்தாலும் யாரும் வேறு காரணம் தேடுவதில்லை. துணி காயப்போடும் முன் கொடியைத் துடைப்போம். தண்ணீர்க் குடத்தை மூடி வைப்போம். அம்மா அதே ஈரத்துணியால் பூனையையும் துடைத்தாள்.

"இன்னாடி இது, இப்பதான் தொடைச்சேன், மறுபடியும் கொட்டிக்கினு கீது" என்பாள்.

என் வேலை காற்றிலுள்ள தூசியைச் சோதிப்பது. நிலக்கரிச் சாம்பல் நுண்ணோக்கியில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: சின்னச் சின்னக் கண்ணாடி உருண்டைகள். பூனையின் முதுகில் ஒட்டி எடுத்த செல்லோடேப்பில் ஓர் உருண்டைகூட இல்லை. உதிர்ந்த தோல் செதில்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே எட்டுக் கால்களும் வாயருகே இரண்டு கொக்கிகளும் கொண்ட ஒன்று மெதுவாக நகர்ந்தது. பக்கத்து மேசைத் தோழியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

கால்நடை மருத்துவர் டேப்பைப் பார்த்ததும் சொன்னார். "இது முடியில வாழ்ற ஒரு வகை உண்ணி. மனுஷங்க மேல தங்காது, ஆனா கடிக்கும். பூனைக்குச் சரியானா உங்க அக்காவுக்கும் போயிடும். கழுத்துப் புண் வேற விஷயம். அதுக்கு அலர்ஜி உடம்பு. உண்ணி போனாலும் அரிப்பு வந்து வந்து போகும்."

பிடரியில் விடச் சொட்டு மருந்து கொடுத்தார். சில வாரங்கள் தொடர வேண்டும். விரிப்புகளை எல்லாம் வெந்நீரில் அலச வேண்டும்.

வீட்டில் சொன்னேன். சாம்பல் என்று நம்பிய வரையில் பூனையும் எங்களைப் போல அதைச் சுமந்த ஒன்றுதான். அதன்மேல் யாருக்கும் கோபம் இல்லை. உண்ணி என்று தெரிந்த அன்றே அதைத் தொட ஆளில்லை.

கன்டெய்னர் லாரி ஓட்டும் அப்பா, சாப்பிட்டுக்கொண்டே முடிவு சொன்னார்: "நாளைக்கு வண்டி காசிமேடு வழியாதான் போவுது. வுட்டுட்டு வந்துர்றேன். மீன் கீற எடம், பொழச்சிக்கும்."

"புண்ணோட கீது, நைனா. நாய்ங்க கிழிச்சிப் போட்டுரும்" என்றேன்.

"அப்ப வயித்துப் புள்ளக்காரிய இன்னா பண்றது, நீயே சொல்லு."

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டியாகத் தெருவில் கிடந்த அதற்குப் பால் புகட்டி வளர்த்தவள் அவள்தான்.

அக்கா கையைச் சொறிந்தபடி, பூனையைக் கண்ணால் காட்டிச் சொன்னாள்: "அதுக்குப் போக வேற வூடு இல்ல, எனக்குக் கீது. சரியாவட்டும், வர்றேன். உன் சின்னப் பொண்ணைப் பத்திரமா பாத்துக்கோம்மா, பெரிய பொண்ணு கெளம்புறேன்."

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வளைகாப்பு போட்டு இட்டாந்த பொண்ண பூனைக்காகத் திருப்பி அனுப்புனா பெரம்பூர்ல உன் மாமியார் வூட்ல இன்னா சொல்லுவாங்க?"

"அரிப்புக்காகன்னு சொல்றேன். அது பொய்யில்லையே."

அக்காவின் கணவர் ஆட்டோ கொண்டுவந்து அவளை அழைத்துப் போனார். நான் மருந்து விட்டேன், விரிப்புகளை வெந்நீரில் அலசினேன், மறுபடியும் டேப் ஒட்டிப் பார்த்தேன். கடைசி டேப்பில் எதுவும் நகரவில்லை. அதற்குள் அக்காவுக்கு வலி கண்டு, குறித்திருந்த நாளுக்கு முன்பே பெரம்பூரில் குழந்தை பிறந்துவிட்டது. தலைப்பிரசவத்தைத் தன் கையால் பார்க்கவில்லை என்பதை அம்மா யாரிடமும் சொல்வதில்லை. ரசப்பொடியைக் கட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் வருகிறாள்.

அக்காவின் கைகளில் இப்போது தழும்புகூட இல்லை. குழந்தை நலம்; இன்னும் எண்ணூருக்கு வரவில்லை. பூனைக்கு உண்ணி இல்லை. கழுத்தில் அரிப்பு இருக்கிறது, அதற்கு மருத்துவர் தந்த மாத்திரையும் தொடர்கிறது. அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.