ஆல்டரேஷன் அக்கா மாற்றாமல் விட்டது

தையல் இயந்திரத்தின் மிதியில் கால் வைத்து, ஒரு மூச்சு விட்டு, அதற்குப் பிறகுதான் அக்கா வாய் திறக்கிறார். "பேண்ட் கால் உயரம் கொஞ்சம் குறையணும். ஆனா குறைச்ச மாதிரி தெரியக் கூடாது. இவ்வளவுதானே? ஓவர்." வாடிக்கையாளர் தலையாட்டுகிறார். முன்பெல்லாம் இந்த இடத்தில் ஒரு சொற்பொழிவு வரும்: இடுப்பையும் பிடித்தால்தான் எடுப்பாக இருக்கும், இந்தத் துணி சாயம் போகும், இதைத் தைத்த மகராசன் யார், அவனுக்குக் கண் தெரியுமா. இப்போது கேட்டதைக் கேட்டபடி திருப்பிச் சொல்வதோடு சரி. நாக்கு மட்டும் கன்னத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி அடங்குகிறது.

தெருவில் எல்லாருக்கும் அவர் ஆல்டரேஷன் அக்கா. புதுத்துணி தைப்பதில்லை. ஜிப் மாற்றுவது, தோள் இறக்குவது, பிறர் தைத்ததைத் திருத்துவதுதான் பிழைப்பு. அந்தப் பழக்கம் கடையோடு நிற்பதில்லை. பக்கத்துக் கடைப் பலகை சாய்ந்திருந்தால் நிமிர்த்திவிட்டுத்தான் நடப்பார். யாராவது கதை சொன்னால் பாதியில் பிடுங்கி, நல்ல முடிவாக வைத்துத் திருப்பித் தருவார்.

இப்படிப்பட்டவர் ரேடியோ தொண்டர் குழுவில் சேர ஆசைப்பட்டதுதான் வேடிக்கை. புயலோ வெள்ளமோ வந்து தொலைபேசிகள் ஊமையானால், ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய் நின்று செய்தி கடத்துகிற கூட்டம் அது. சம்பளம் கிடையாது, கெடுபிடிக்குப் பஞ்சமும் கிடையாது. அரசு உரிமத் தேர்வில் தேறியது போதாதென்று குழுவின் களத் தேர்விலும் தேற வேண்டும். பொத்தானை அழுத்தி ஒரு மூச்சு விட்டே பேச வேண்டும். அவசரப்பட்டால் முதல் சொல் அறுந்துபோகும். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும். வந்த செய்தியை அனுப்பியவரிடமே ஒப்பித்துவிட்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அடுத்தவருக்குக் கடத்த வேண்டும். குழுவின் ஆரஞ்சு மேல்சட்டை உடம்பில் இருக்கும்வரை யாரோடும் வாக்குவாதம் கூடாது. மூன்று முறை தவறினால் அப்புறம் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்கக் கூடாது.

அக்காவுக்கு ஆசை வந்தது போன வெள்ளத்தில். மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடுதியில் மாட்டிக்கொண்டாள். போன் இல்லை, தகவல் இல்லை. அக்கா அழுது அழுது தொண்டை கட்டிப்போன நேரத்தில், முழங்கால் தண்ணீரில் ஒரு ரேடியோ தொண்டர் வந்து வாசலில் நின்றார். தயங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "உங்க பொண்ணு சொன்னது இது. 'அம்மா, ஒப்பாரிய நிறுத்து. நான் மாடியில ஜம்முனு இருக்கேன்.'" அழுகிற தாயிடம் யார் இப்படிப் பேசுவார்கள்? மகள்தான் பேசுவாள். "அந்த ஒப்பாரிங்கிற வார்த்தையிலதான் எனக்கு உசிரு வந்துச்சு" என்று இன்றைக்கும் சொல்லும்போது அக்காவின் கண் நிறைந்துவிடுகிறது.

ஆனால் மனதுக்குத் தெரிவது வேறு, சொன்னபடி வாய் கேட்பது வேறு. முதல் தேர்வில் "முதியோர் இல்லத்துக்குப் போர்வை தேவை" என்று வந்த செய்தி, அக்காவைத் தாண்டும்போது "கம்பளிப் போர்வை" ஆகிவிட்டது.

"சாதாப் போர்வை குளிர் தாங்குமா டாக்டர்?"

"சாதாப் போர்வை லாரி நிறைய நிக்குதும்மா. நீங்க கம்பளி கேட்டதால அது கிளம்பவே இல்லை" என்றார் தேர்வாளர். அவர் தொழிலால் பல் மருத்துவர். எதிரில் இருப்பவர் பதில் பேச முடியாத நிலையிலேயே உரையாடிப் பழகியவர்.

இரண்டாம் முறை எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் "கவலைப்படாதீங்க" என்று ஒன்றைச் சேர்த்துத் தைத்தார். "இதை யார் சொன்னது? அங்க இருக்கிறவரா, நீங்களா?" அன்றும் தோல்வி. மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு, மழைக்காலமும் நெருங்கிவிட்டது.

மூன்றாம் தேர்வு ஒரு பள்ளிக்கூட மொட்டைமாடியில். கீழே அலுவலக அறையில் டாக்டர் செய்தி அனுப்புவார். குன்றுக்குப் பின்னால் நீர்த்தேக்கத்தில் குழுவின் உறுப்பினரான பேக்கரிக்காரர் எழுதிக்கொள்வார். நடுவில் அக்கா. பேட்டரியைச் சுமந்துகொண்டு அவர் வீட்டுக்காரர்.

முதல் செய்தி மருத்துவமனைக்கு டீசல். போனது. அடுத்தது, வேண்டுமென்றே, போர்வை. அக்கா கம்பளியை விழுங்கிக்கொண்டார்; போர்வை வெறும் போர்வையாகவே போய்ச் சேர்ந்தது. பிறகு டாக்டரின் குரல் நிதானமாக வந்தது:

"நடு நிலையத்தில் இருப்பவர் வாயாடி. தையல்காரர் என்பதால் எதையும் வெட்டி ஒட்டாமல் விடமாட்டார். வேறு ஆளை அனுப்பவும். ஓவர்."

வீட்டுக்காரர் பேட்டரியைக் கீழே வைத்தார். அக்காவின் காது சிவந்தது. வாயாடி என்றதைக்கூட மன்னித்துவிடலாம். தையல்காரி எங்கேயாவது ஒட்டுவாளா? தைப்பாள்! இருபது வருஷத் தொழிலைப் பசை டப்பாவாக்கிவிட்டாரே மனிதர்! 'தைக்காமல்' என்று ஒரே ஒரு சொல்லை மாற்றினால் செய்தி எவ்வளவு லட்சணமாக இருக்கும்!

முழங்கால் தண்ணீரில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். 'அம்மா, அழாதே' என்று அவர் அழகாக மாற்றியிருந்தால் அன்றைக்கு நம்பியிருப்போமா?

பொத்தானை அழுத்தினார். ஒரு மூச்சு. டாக்டரிடம் அப்படியே ஒப்பித்தார். பிறகு நீர்த்தேக்கத்துக்குத் திரும்பி, வாயாடியையும் வெட்டி ஒட்டுவதையும் இம்மி பிசகாமல் அனுப்பினார்.

"சரியா கேக்கலைக்கா. இன்னொரு தடவை சொல்லுங்க. ஓவர்" என்றார் பேக்கரிக்காரர். அவர் சிரிப்பை அடக்குவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

அக்கா இன்னொரு தடவையும் சொன்னார். அதே சொற்கள், அதே நிதானம்.

பேக்கரிக்காரர் எழுதியது போனில் வந்து சேர்ந்ததும் டாக்டர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். "ஒரு எழுத்துக்கூட மாறலைம்மா. நம்ம குழுவுலயே இந்த மாதிரிச் செய்தியை அலுங்காம கொண்டுபோன முதல் ஆள் நீங்கதான். மத்தவங்க எல்லாரும் அவங்கவங்களைத் திட்டி அனுப்பினதுல பாதியை முழுங்கிட்டாங்க" என்று ஆரஞ்சு மேல்சட்டையை நீட்டினார். வீட்டுக்காரர் விசிலடித்தார். கல்யாணமான நாள் முதல் அவர் விசிலடித்து யாரும் கேட்டதில்லை. கீழே நின்ற தொண்டர்கள் கைதட்டினார்கள். ஜெயித்துவிட்டார் அக்கா, சந்தேகமே இல்லாமல் ஜெயித்துவிட்டார்.

மேல்சட்டை தோளில் தொளதொளவென்று கிடந்தது, ஓரத் தையல் கோணல். அக்கா அதைப் பற்றி மூச்சு விடவில்லை. எல்லாருக்கும் வணக்கம் சொன்னார், ரேடியோவை அணைத்தார், அணைந்ததா என்று காதில் வைத்துப் பார்த்தார்.

பிறகு மேல்சட்டையைக் கழற்றி, மடிப்புக் கலையாமல் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, "டாக்டர், ஒரு நிமிஷம் இப்படி வாங்க. அந்த ஒட்டறதைப் பத்திக் கொஞ்சம் பேசணும்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.