குப்பையில் மூன்று கடிதங்கள்

மின்னஞ்சல் சேவைக்காரர் அனுப்பும் அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்த ஒரே ஒருவரைத்தான் நான் கண்டிருக்கிறேன். அவர் என் மச்சாள், அண்ணையின் மனைவி. யாழ்ப்பாணத்தில், கொழும்புத்துறையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மதியம் துடைத்த ஈரம் காயும் முன்னரே மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு அன்று அவர் உட்கார்ந்திருந்தார். ‘புதிய வசதிகளும் திருத்தங்களும்’ என்ற தலைப்பில் ஒரு கடிதம் வந்திருந்தது. எனக்கும் அதே கடிதம் வந்தது, திறக்காமலே அழித்துவிட்டேன். மச்சாள் அப்படிப்பட்டவர் அல்ல. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளையும், பால்மாத் தகரப்பேணியின் பின்பக்கத்தையும் விடாமல் வாசிக்கிறவர். ஒருவர் மினக்கெட்டு எழுதியதை வாசிக்காமல் எறிவது மரியாதை இல்லை என்பார்.

அவர் வல்வெட்டித்துறைக்காரர். தகப்பன் படகு வைத்திருந்தார். மச்சாளுக்குப் பின்னால் இரண்டு தங்கைகள். உயர்தரத்தில் உயிரியல் படித்து, பல்கலைக்கழகத்துக்குச் சில புள்ளிகளால் தவறியவர். கனடாவிலிருந்து அண்ணை ஒரு மாத விடுமுறையில் வந்து கலியாணம் கட்டிவிட்டுத் திரும்பிப் போனார். ஆறு மாதத்தில் கூப்பிடுவேன் என்றவர், ஒரு வருடமாகியும் பத்திரங்கள் நகர்கின்றன என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மச்சாள், அண்ணையின் தங்கையான என்னோடும் அம்மாவோடும் எங்கள் வீட்டில் இருந்தார். தாய்வீட்டுக்குப் போய் நின்றால் ஊர் கதைக்கும் என்று அம்மா விரும்பவில்லை. அண்ணை தினமும் மாலையில் முகம் பார்த்துக் கதைப்பார். எங்கே போனாய், யாரோடு போனாய், எத்தனை மணிக்கு வந்தாய் என்று அன்பாகத்தான் கேட்பார். மச்சாளும் அன்பாகத்தான் பதில் சொல்வார்.

அந்த மின்னஞ்சல் முகவரியைத் திறந்து கொடுத்தது நான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பக்கத்திலுள்ள எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போய் வந்து படித்துக்கொண்டிருந்தேன். கடவுச்சொல்லையும் நானே தெரிவுசெய்தேன். தூதரகத்திலிருந்து ஏதும் வந்தால் தானும் உடனே பார்க்க வேண்டும், மச்சாளுக்கு வரும் எல்லாக் கடிதங்களிலும் ஒரு பிரதி தனக்கு வருமாறு செய்துவிடு என்று அண்ணை கேட்டார். செய்துவிட்டேன். அதை மச்சாளிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் அண்ணை சொன்னால் செய்வதுதான் வழக்கம். செய்ததைச் சொல்லிக்கொண்டு திரிவது வழக்கமில்லை.

காத்திருந்து சலித்துப்போன மச்சாள், திருநெல்வேலியில் ஒரு தனியார் நிலையம் நடத்திய மருத்துவ ஆய்வுகூடக் கற்கைநெறிக்கு விண்ணப்பித்தார். ஒளித்து அல்ல, அண்ணையிடம் கேட்டுவிட்டே விண்ணப்பித்தார். “நல்லதுதானே, போட்டுப் பார்” என்று அண்ணை சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். நேர்முகத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முடிந்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தை அதற்கு முன் நான் கண்டதில்லை. நுணுக்குக்காட்டியில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து என்ன தெரிகிறது என்று கேட்டார்களாம். சரியாகச் சொன்னாராம். பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நின்ற நேரம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு நின்றார்.

அதற்கடுத்த வாரம், மச்சாள் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அண்ணை எனக்கு அழைப்பு எடுத்தார். அந்த நிலையத்திலிருந்து வரும் கடிதங்கள் மச்சாளின் கண்ணில் படாமல் நேரே குப்பைக்குப் போகும்படி செய்யலாமா என்று கேட்டார். ஏன் என்றேன். “விசா எந்த நேரமும் வரும். நடுவிலை படிப்பு எண்டு நிண்டால் எல்லாம் குழம்பிப் போடும். நான் வேண்டாம் எண்டு சொன்னால் மனம் நோவாள். கிடைக்கேல்லை எண்டு நினைச்சால் தன்ரை பாட்டிலை இருப்பாள்” என்றார். எவ்வளவு அக்கறையான குரல் அது. இன்று நினைத்தாலும் அந்தக் குரலில் கோபமோ கடுமையோ இருந்ததாக ஞாபகம் இல்லை. வாளி கிணற்றுக் கட்டில் இடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதே நான் அதைச் செய்து முடித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பிறகு நாள்தோறும் மச்சாள் பெட்டியைத் திறந்து பார்த்தார். காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை. “இண்டைக்கும் ஒண்டும் இல்லை” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு மூடுவார். சில வேளை, நேர்முகத்தில் தான் சொன்ன பதில்களை ஒவ்வொன்றாக எடுத்து எது பிழைத்திருக்கும் என்று என்னிடம் கேட்பார். நான் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்பேன். ஒருநாள் துணிந்து அந்தத் தடையை எடுத்துவிட நினைத்தேன். ஆனால் எடுத்தால் கடிதம் வரும். வந்தால் மச்சாள் அதை அண்ணையிடம் சொல்லுவார். யார் எடுத்தது என்று அண்ணைக்குத் தெரிந்துவிடும். எடுக்காவிட்டால் மச்சாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சிறிய வீட்டில் இரண்டு பெண்கள் ஒரே மேசையில் சாப்பிட்டோம், ஒரே அறையில் படுத்தோம். அவருக்குத் தன்னை அடைத்திருப்பது எதுவென்று தெரியாது. எனக்குத் தெரியும். அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த வித்தியாசம்.

அப்படியிருந்தபோதுதான் அந்த அறிவிப்பு வந்தது. இனிப் பெட்டி முழுவதையும் தமிழிலேயே பார்க்கலாம் என்பது அதில் முதலாவது. மச்சாள் உடனே மாற்றிப் பார்த்தார். ‘வரைவுகள்’, ‘நட்சத்திரமிட்டவை’ என்று ஒவ்வொன்றாக வாசித்துச் சிரித்தார். அனுப்பிய கடிதத்தைச் சில நொடிகளுக்குள் திரும்ப எடுக்கலாம் என்று அடுத்ததில் இருந்தது. எனக்கு ஒரு வரி எழுதி அனுப்பி, வந்து சேர முன் திரும்ப எடுத்து, “கண்டனீரே?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்குச் சந்தோசம். பிறகு திருத்தங்களுக்கு வந்தார். முன்னர் சில பெட்டிகளில் வாசிக்காத கடிதங்களின் எண்ணிக்கை காட்டாமல் விடுபட்டது, இப்போது சரிசெய்யப்பட்டுள்ளது என்று உரத்து வாசித்தார். வாசித்துவிட்டு இடப்பக்கம் பார்த்தார். குப்பை என்ற சொல்லுக்கு அருகே மூன்று என்று இருந்தது.

நான் எழும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. மச்சாள் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தார். நீங்கள் தெரிவாகியுள்ளீர்கள், இரண்டு வாரத்துக்குள் உறுதிப்படுத்தவும் என்றது முதலாவது. இரண்டாவது அதை ஞாபகப்படுத்தியது. பதில் கிடைக்காததால் உங்கள் இடம் அடுத்தவருக்கு வழங்கப்பட்டுள்ளது என்றது மூன்றாவது. அது வந்து எட்டு நாள் ஆகியிருந்தது. வழக்கம்போல வரிக்குக் கீழே விரலை வைத்து, மெதுவாக, முழுவதையும் வாசித்தார். பிறகு அமைப்புகளுக்குள் போனார். அதுவரை ஒருநாளும் அந்தப் பக்கத்தை அவர் திறந்ததில்லை. அது நான் பார்க்கும் அலுவல் என்று விட்டிருந்தார். இப்போது அது தமிழில் இருந்தது. அந்த நிலையத்தின் முகவரியைச் சொல்லி, அங்கிருந்து வருவதைக் குப்பைக்கு அனுப்பு என்று ஒரு வரி. அதற்குக் கீழே, எல்லா அஞ்சல்களின் பிரதியையும் அனுப்பு என்று இன்னொரு வரி. பக்கத்தில் அண்ணையின் முகவரி.

“நீரே உதைச் செய்தனீர்?” என்று கேட்டார்.

ஓம் என்றேன். அண்ணை சொன்னவர் என்றும் சொன்னேன். அந்த இரண்டாவது வசனத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். மச்சாள் கத்தவில்லை, அழவில்லை. இப்போதே இரண்டையும் நிற்பாட்டிவிடுகிறேன் என்று நான் கையை நீட்டியபோது என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளி வைத்தார். “வேண்டாம். நிப்பாட்டினால் நான் கண்டிட்டன் எண்டு அவருக்குத் தெரிஞ்சு போம். தெரிஞ்சால் என்ன செய்யிறது? எனக்குப் பின்னாலை ரெண்டு தங்கச்சிமார் இருக்கினம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எனக்கென்று இல்லாமல் சொல்வதுபோல, “நேர்முகத்திலை நான் சொன்ன மறுமொழி சரிதான்” என்றார்.

அடுத்த நாள் இருவரும் திருநெல்வேலிக்குப் போனோம். சந்தைக்கு என்று அம்மாவிடம் சொன்னோம். நிலையத்தின் கந்தோரில் இருந்த பெண் நல்ல மனிசி. பட்டியலை எடுத்துப் பார்த்து, உங்களைத்தான் முதல் ஆளாகப் போட்டிருந்தோம், பதில் வரவில்லையே என்று வருத்தப்பட்டார். இனி இடமில்லை, அடுத்த முறை எப்போது தொடங்கும் என்று சொல்லத் தெரியாது என்றார். மச்சாள் நன்றி சொன்னார். திரும்பும் வழியில் உண்மையாகவே சந்தைக்குள் இறங்கி கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கினார். மாலையில் அண்ணை எங்கே போனீர்கள் என்று கேட்கும்போது காட்ட ஏதாவது வேண்டும் அல்லவா. அண்ணை கேட்டார். மச்சாள் முருங்கைக்காயைத் தூக்கிக் காட்டினார். அண்ணை சிரித்தார்.

நான்கு மாதத்தில் விசா வந்தது. மச்சாள் போனார். மறுத்திருக்கலாமே என்று இதை வாசிக்கிறவர்கள் கேட்கக்கூடும். அந்த நான்கு மாதமும் ஒரே அறையில் அவரோடு படுத்தவள் நான். எந்தப் பக்கம் திரும்பினால் எந்தச் சுவர் இருந்தது என்று எனக்குத் தெரியும். புறப்படும்போது அம்மாவின் காலில் விழுந்தார். என் கன்னத்தைத் தொட்டார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஏழு வருடங்கள். மச்சாளுக்கு ஒரு பெண் பிள்ளை. பொதி கட்டும் இடமொன்றில் வேலை. மாதம் ஒரு மின்னஞ்சல் எழுதுவார். குளிர் தொடங்கிவிட்டது, பிள்ளைக்குப் பல் விழுந்தது, மாமியின் முழங்கால் எப்படி என்பார். அதே முகவரியிலிருந்துதான் எழுதுவார். அந்தப் பிரதிகள் இன்னும் போகின்றனவா என்று நான் கேட்டதில்லை. அதைக் கேட்பதற்கும் அந்த முகவரி ஒன்றே எனக்கு இருந்தது. என் பதில்களும் அப்படித்தான், அவற்றின் கீழே அவர் எழுதியதும் சேர்ந்தே போகும். இரண்டு பேர் எழுதி மூன்று பேர் வாசிக்கும் கடிதங்கள்.

போன மாதம் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மச்சாள். கூட வேலை செய்யும் பெண்ணின் கைபேசியாம். இடைவேளை பத்து நிமிடமாம். ஏழு வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் கதைத்தது அதுதான் முதல் தடவை. சுகம் விசாரிக்கவில்லை. தன் உயர்தரச் சான்றிதழ் மூலப்பிரதி எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, அதை அனுப்ப முடியுமா என்று கேட்டார். வீட்டு முகவரிக்கு வேண்டாம் என்று சொல்லி அந்தப் பெண்ணின் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னார். மன்னிக்கச் சொல்லிக் கேட்க நான் வாயெடுத்தேன். “உதெல்லாம் பிறகு கதைப்பம். எழுதிக்கொண்டனீரே? ஒருக்கா வாசியும்” என்றார். வாசித்தேன். சரி என்று வைத்துவிட்டார்.

மறுநாளே அனுப்பினேன். அதற்கு மூன்று நாள் கழித்து அண்ணை எடுத்தார். அம்மாவின் முழங்காலைக் கேட்டார், கூரை திருத்தியாயிற்றா என்று கேட்டார். பிறகு அதே அக்கறையான குரலில், “அவள் உனக்கு ஏதும் போன் எடுத்தவளே?” என்றார்.

“இல்லை அண்ணை” என்றேன்.

அங்கே பனி கொட்டுகிறது என்றார் அண்ணை. நான் ஓம் என்றேன். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

நேற்று மச்சாளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எல்லாரும் சுகம், பிள்ளை படம் கீறுகிறாள், மாமியைக் கேட்டதாகச் சொல்லவும் என்று மூன்று வரி. பொதி கிடைத்ததா இல்லையா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க வழியில்லை, அப்படித்தான் எழுதியிருந்தார். இங்கும் எல்லாரும் சுகம், நல்ல வெயில் என்று பதில் எழுதினேன். அனுப்பும் முன் ஒருமுறை அண்ணையின் கண்களால் அதை வாசித்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. அனுப்பினேன்.