இடது கைக்கு ஒரு புத்தகம்

அக்கா முதன்முதலாக என் கடைக்கு வந்த அன்று, கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. பச்சை பிளாஸ்டிக் சட்டம், உடைந்த பிடி, உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கணினியும் பிரிண்டரும் வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, சிறு பதிப்பகங்களின் புத்தகங்கள் என்று பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். யார் யாரோ என்னென்னவோ கொண்டு வருவார்கள். கண்ணாடியோடு யாரும் வந்ததில்லை. அவர் எம்ப்ராய்டரி பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் திறந்து, படம் இருந்த பக்கத்தின் ஓரத்தில் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்தி, என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். புத்தகத்தில் வலது கை ஊசி பிடித்திருந்தது. கண்ணாடியில் அதே ஊசியை இடது கை பிடித்திருந்தது.

"இப்டிப் பாத்துப் பாத்துத்தான் தம்பி நான் கத்துக்கிட்டேன்" என்றார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பம்மலில் பெல்ட்டும் பர்ஸும் தைக்கும் சிறு பட்டறை வைத்திருந்தவரின் மனைவி. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் இறங்கி, கடைப் படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வருவார். அப்போதே மூன்று எம்ப்ராய்டரி புத்தகங்கள் எழுதி முடித்திருந்தார். மேற்குத் தாம்பரத்துப் பதிப்பாளர் ஒருவர், கோலப் புத்தகமும் சமையல் புத்தகமும் போடுகிறவர், மூன்றையும் வெளியிட்டிருந்தார். பக்கத்து டீக்கடைக்காரருக்கு இந்த விவரம் தெரிந்ததும் அவரே ஒரு பட்டம் கொடுத்துவிட்டார். அக்கா தெருமுனையில் தெரியும்போதே, "சார், உங்க ஊசி ரைட்டர் வந்துகினு கீறாங்க" என்று குரல் வரும். அக்காவுக்கு அந்தப் பட்டம் பிடித்திருந்தது.

ஊசிக்கு அவர் வந்தது பிழைப்புக்காக. இளம் வயதில் ஒரு ஏற்றுமதி ஆடை நிறுவனத்தில், வெளிநாட்டுக்காரர்களுக்கு மாதிரி காட்டுவதற்கான துணிகளில் பூ வேலை செய்யும் பிரிவில் சேர்ந்தார். கட்டில்போல் நீளமான மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து தைப்பார்கள். எல்லாரும் வலப்பக்கம் நூலை இழுக்க, அக்கா மட்டும் இடப்பக்கம் இழுப்பார். பக்கத்தில் இருப்பவளின் முழங்கையும் அவருடைய முழங்கையும் இடித்துக்கொண்டே இருக்கும். மேற்பார்வையாளர் அவரை வரிசையின் இடது கோடியில், சுவரை ஒட்டி உட்கார வைத்தார். அங்கே மின்விசிறிக் காற்றும் வராது, பேச்சும் எட்டாது. அங்கிருந்த வருடங்கள் முழுக்க அதுதான் அவர் இடம். ஆனால், மறுபேச்சில்லாமல் ஏற்கப்பட்ட மாதிரிகளில் பாதிக்கு மேல் அந்தக் கோடியிலிருந்து போனவை என்று சொல்லும்போது அக்கா கொஞ்சம்கூட அடக்கம் காட்ட மாட்டார்.

அந்தப் பிரிவை மூடிய பிறகு, வீட்டு முன்னறையில் வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். கற்க வந்தவர்கள் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதியதை ஒரு மகளிர் மாத இதழ் வெளியிட்டது. அதைப் பார்த்துத்தான் பதிப்பாளர் தேடி வந்தார். எழுதுவதற்கு அக்கா வைத்திருந்த முறையை நான் வேறு எந்த எழுத்தாளரிடமும் கண்டதில்லை. ஊசியே பிடித்தறியாத தன் நாத்தனாரை எதிரில் உட்கார வைத்து, எழுதிய வரியை வாசித்துக் காட்டி, அதன்படியே செய்யச் சொல்வார். வாய் திறந்து உதவ மாட்டார். நாத்தனாரின் ஊசி எங்கே வழி தவறுகிறதோ அங்கே தப்பு வரியில் இருக்கிறது என்று அர்த்தம். 'ஊசியை மேலே எடுக்கவும்' என்று எழுதினால் அவர் ஊசியைத் துணியைவிட்டே எடுத்துவிடுவார். அதனால் அது, 'துணிக்கு அடியிலிருந்து ஊசியின் முனையை மேலே வரச் செய்யுங்கள்' என்று மாறும். ஒரு வாக்கியத்துக்கு ஒரே ஒரு அசைவு. இரண்டு அசைவு வந்தால் முற்றுப்புள்ளி வைத்து உடைத்துவிடுவார். மொழியைப் பற்றி நான் உருப்படியாக எதையாவது தெரிந்துகொண்டேன் என்றால் பின்னாளில் அவருடைய கைப்பிரதிகளைத் தட்டச்சு செய்தபோதுதான்.

ஆனால் அந்த மூன்று புத்தகங்களிலும் இருந்தது அவருடைய கை இல்லை. வாங்குகிறவர்கள் வலது கைக்காரர்கள் என்பதால், தன் வழியில் ஒரு தையலைப் போட்டுவிட்டு, அதைக் கண்ணாடியில் பார்த்து, தெரிந்ததை அப்படியே தாளில் வரைவார். படங்கள் அத்தனையும் வலது கைப் படங்கள். புத்தகத்தை எழுதியவர் இடது கைக்காரர் என்று வாசகர் யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும் அது ஒரு குறையாகத் தோன்றவில்லை, ஒரு தொலைபேசி அழைப்பு வரும்வரை.

செம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் அழைத்திருந்தாள். இரண்டாவது புத்தகத்தைப் பார்த்துச் சங்கிலித் தையல் போட்டுப் பார்த்ததாகவும், ஒவ்வொரு முறையும் நூல் சிக்கிக்கொள்வதாகவும், தனக்கு இதெல்லாம் வராது போலிருக்கிறது என்றும் சொன்னாள். அக்காவுக்குப் பொறி தட்டியது. எந்தக் கையால் தைக்கிறாய் என்று கேட்டார். அவள் குரலைத் தாழ்த்தி, "லெஃப்ட் ஹேண்ட் அக்கா. தப்புதான்" என்றாளாம்.

இதை என்னிடம் சொல்லும்போது அக்காவின் முகம் சிவந்திருந்தது. தப்புதான் என்ற அந்த ஒரு சொல்லை இரண்டு மூன்று தரம் தனக்குள் சொல்லிக்கொண்டார். அழைப்பு வந்த மறுநாளே பதிப்பாளரிடம் போய், அடுத்த புத்தகம் இடது கைக்காரர்களுக்கு என்று அறிவித்துவிட்டார். அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். இடது கைக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், அதில் தைக்கிறவர்கள் எத்தனை பேர், அதில் புத்தகம் வாங்கிப் படிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று அடுக்கினார். "நான் ஒருத்தி இருக்கேன். போன்ல பேசுன பொண்ணு ஒருத்தி. எண்ண ஆரம்பிச்சாத்தானே சார் தெரியும்" என்றார் அக்கா. மூன்று புத்தகங்களும் பதிப்பாளருக்கு நன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அதனால் மறுக்கவும் முடியாமல், மனமும் இல்லாமல், என் கடைக்கு அனுப்பி வைத்தார். அப்படித்தான் அக்கா கண்ணாடியோடு வந்தார்.

இந்த முறை வரைபடம் வேண்டாம், கையையே படம் எடுக்க வேண்டும் என்றார். கடையில் நல்ல வெளிச்சம் விழுவது காலையில், தெருவைப் பார்த்த ஜன்னலருகே மட்டும். தினமும் காலை அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அக்கா தைப்பார். அசைவுக்கு ஒரு படமாக நான் எடுப்பேன். சுட்டுவிரல் நுனியில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன, நகம் ஒட்ட வெட்டிய கை. கிரீம் ஏதாவது தடவிக்கொள்ளலாமா என்று ஒருமுறை கேட்டேன். வேலை செய்யும் கை வேலை செய்யும் கைபோலத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டார். மழைக்காலம் போய் வெயில் ஏறும்வரை அந்த வேலை நடந்தது. எல்லாம் முடிந்து பக்கங்களை வரிசையாகத் திரையில் ஓடவிட்டபோது, அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து காட்டச் சொன்னார்.

சேலையூரில் ஒரு பள்ளியின் கூடத்தில் வெளியீட்டு விழா என்று ஏற்பாடாயிற்று. விழாவன்று காலைதான் அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்து என் கடையில் இறங்கின. ஒன்றைப் பிரித்து நடுப்பக்கத்தைத் திறந்தேன். காம்புத் தையல் பாடம். எழுத்து, 'ஊசியை இடது கையில் பிடியுங்கள்' என்றது. படத்தில் வலது கை. அடுத்த பக்கம் வலது கை. அதற்கடுத்த பக்கமும் வலது கை. எழுத்துகளும் படங்களும் தனித்தனியாகத்தான் அச்சகத்துக்குப் போயிருந்தன. அட்டை வேறோர் இடத்தில் அச்சானது; தலைப்பை அவர்கள் பார்த்திருக்க வழியில்லை. அச்சகத்தில் பக்கங்களை அச்சுத் தகடாக்கி பிளேட் போடுகிறவரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் குரலில் அத்தனை பெருமை. "இன்னா சார், படம் ஃபுல்லா உல்டாவா அனுப்பிக்கீறீங்க? நானே ஒக்காந்து ஒண்ணொண்ணா திருப்பி வச்சேன். நல்ல வேளை பாத்தேன்" என்றார். எனக்கு அவரைத் திட்டத் தெரியவில்லை. புத்தகம் யாருக்கானது என்பதை மட்டும் சொன்னேன்.

பதிப்பாளரும் வந்துவிட்டார், அக்காவும் வந்துவிட்டார். அக்கா ஒரு பிரதியை எடுத்து, நிதானமாக எல்லாப் பக்கத்தையும் புரட்டினார். அழுவாரோ என்று பயந்தேன். பதிப்பாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஒரு வழி சொன்னார். முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டிவிடலாம், 'படங்களைக் கண்ணாடியில் பார்க்கவும்' என்று. அக்காவே அப்படிக் கற்றவர்தானே, வாசகர்களுக்கும் அது ஒன்றும் கஷ்டமில்லையே என்றார்.

அக்கா புத்தகத்தை மூடினார். "கண்ணாடியில பாத்தே என் காலம் போயிருச்சு சார். இதை வாங்குறவங்க அப்டிப் பாக்கக் கூடாதுன்னுதான் இந்த புக்கு. ஒரு காப்பிகூட வெளிய போகாது" என்றார். குரல் உயரவே இல்லை. இத்தனை பேரைக் கூப்பிட்டுவிட்டுப் புத்தகம் இல்லாமல் என்ன விழா நடத்துவது என்று பதிப்பாளர் கோபமாகவே கேட்டார்.

"கை இருக்குல்ல சார்" என்றார் அக்கா.

திருப்பப்படாத படங்கள் என் கணினியில் அப்படியே இருந்தன. தெரிந்தவரிடம் ஒரு புராஜெக்டர் வாங்கிக்கொண்டு மாலையில் கூடத்துக்குப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. அக்காவின் பழைய மாணவிகள், கேம்ப் ரோட்டுத் தையல் கடைக்காரர்கள், புத்தகம் வாசித்தவர்கள், சும்மா வந்தவர்கள். அக்கா மைக்கைப் பிடித்து, புத்தகத்தில் பிழை நேர்ந்துவிட்டது, அதனால் இன்று விற்பனை இல்லை, தையல் மட்டும்தான் என்று சுருக்கமாகச் சொன்னார். பிறகு இடது கைக்காரர்களை முன்னால் வரச் சொன்னார்.

யாரும் எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டில், கொடுக்கல் வாங்கலில், கோயிலில், தர்காவில் எல்லாம் பின்னுக்கு இழுத்துக்கொள்ளப் பழகிய கை. அதை இத்தனை பேர் நடுவில் முன்னுக்கு நீட்ட யாருக்கு மனம் வரும்? பதிப்பாளர் கடைசி வரிசையில் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா மட்டும் அவசரப்படவில்லை. நூல் கோத்த ஊசியை இடது கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நடு வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "அக்கா, செம்பாக்கத்துல இருந்து போன் பண்ணேன்ல, அது நான்தான்" என்றாள். அக்கா முன்வரிசை நடுவில் உட்கார்ந்தார். அவள் நடந்து போய் அவர் பக்கத்தில் உட்காருவதற்குள் இன்னொருத்தி எழுந்தாள். பிறகு அம்மாவும் மகளுமாக இருவர். பிறகு மீசை நரைத்த ஒரு தையல்காரர், சட்டைப் பையில் அளவெடுக்கும் இஞ்சி டேப்போடு. முன்வரிசை நிரம்பி, அடுத்த வரிசையையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. சுவரில் அக்காவின் கை ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. அதற்குக் கீழே அதே கை நிஜத்தில் ஊசியை இழுக்க, வரிசையில் இருந்த அத்தனை இடது கைகளும் ஒரே திசையில் இழுத்தன. ஒரு முழங்கைகூட இன்னொன்றை இடிக்கவில்லை. அந்த வரிசைக்கு நடுவில், இருபக்கமும் ஆட்களோடு, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார் அக்கா.

செம்பாக்கத்துப் பெண் போட்ட சங்கிலி சிக்காமல் கண்ணி கண்ணியாகப் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொன்ன பிறகும் அவள் நிறுத்தவில்லை. முடிவில் புத்தகம் எப்போது கிடைக்கும் என்று சூழ்ந்துகொண்டார்கள். அக்கா கடைசி வரிசையைப் பார்த்தார். பதிப்பாளர் எழுந்து முன்னால் வந்து மைக்கை வாங்கினார். "மிஸ்டேக் எங்க சைடுதான். முழுசா திரும்பப் போடறோம். இவங்க ஓகே சொன்ன அப்புறம்தான் வெளிய வரும்" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

திருத்திய புத்தகத்தின் முதல் பிரதியை அக்காவின் பம்மல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தவர் பிளேட் போடுகிறவர். தானே கொடுக்க வேண்டும் என்று அச்சகத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். ஒவ்வொரு படத்துக்கும் இடது கையில் ஒரு பேனாவைப் பிடித்து, அதேபோல் வைத்துப் பார்த்துச் சரிபார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அக்கா அவரைப் பிரியாணி சாப்பிடாமல் அனுப்பவில்லை.

மற்ற மூன்றையும்விட அந்தப் புத்தகம்தான் அதிகம் போகிறது. மதுரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அக்காவுக்கு அழைப்பு வருகிறது. மகளுக்கு என்று வாங்கிய தாய்மார்கள், தங்களுக்கும் அந்தக் கைதான் என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார்கள். இப்போது ஐந்தாவது புத்தகம் என் திரையில் இருக்கிறது. இந்த முறை பதிப்பாளரே கேட்டு வந்தது. திறந்தால் இடப்பக்கம் இடது கைக்கு, வலப்பக்கம் வலது கைக்கு, இரண்டும் எதிரெதிராக. அக்காவின் படங்களையே திருப்பிப் போட்டால் வலது கை தயாராகிவிடும், எனக்கு ஒரு நிமிட வேலை. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பக்கத்துக்கு ஒரு நிஜ வலது கை வேண்டும், அதுவும் கற்றுக்கொள்கிறவரின் கையாக இருக்க வேண்டும் என்றார். கடையில் இருந்த ஒரே வலது கை என்னுடையது.

அதனால் தினமும் காலை ஜன்னலருகே இப்போது இரண்டு ஸ்டூல். கேமராவை ஸ்டாண்டில் மாட்டியாயிற்று. விரலெல்லாம் குத்திக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு நான் தைக்கிறேன். டீக்கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்க்கிறார். நேற்று ஒரு சங்கிலியைக் கோணாமல் முழுதாக முடித்துவிட்டேன். அக்கா துணியை வாங்கி வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தார், பின்பக்கம் புரட்டிப் பார்த்தார்.

"பரவால்ல தம்பி" என்றார். "வலது கைக்கு இது போதும்."