மடிக்காத காது

பழைய படகு கியர்பாக்ஸின் அடித்திருகைக் கழற்றும்போது, கருகிய எண்ணெயும் கடல் உப்பும் ஒன்றாய் ஊறிய ஒரு நெடி முதலில் மூக்கில் ஏறும், அதற்குப் பின்னால்தான் எண்ணெய் மெல்ல வழியும். உள்ளே கடல் தண்ணீர் புகுந்திருந்தால் அது பால் அதிகம் விட்ட டீயின் நிறத்தில் இருக்கும், அதைப் பார்த்ததுமே என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுகிறவர், "சீலு பூடுச்சு" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் போகிற சாலையில், லாரிப் பட்டறைக்கும் டயர்க்கடைக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட எங்கள் ஷெட் இருந்தது. கம்பெனிகளின் புகையும் லாரிகளின் தூசியும் எந்நேரமும் இருந்த அந்த இடத்துக்குக் கடலோடு ஒரு தொடர்பும் கிடையாது என்றாலும், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து "கீர் பொட்டி"கள் வண்டி வண்டியாக வந்து இறங்கும்.

படகுகள் கரையேறும் அந்தக் கோடை மாதங்கள்தாம் எனக்குப் பள்ளி விடுமுறையும். நைனா பெட்டிகளைப் பிரித்துப் போட, அம்மாவும் நானும் பல்சக்கரங்களையும் பேரிங்குகளையும் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் வரிசையாக அடுக்குவோம். தேய்ந்த கிளச் பிளேட்டுகள் மாறும், உப்பரித்த தண்டுகள் கடைசலுக்குப் போய்த் திரும்பும், பெட்டிகள் மறுபடி மூடி பூட்டப்படும். "என் கையிலருந்து போன பொட்டி திரும்பி வந்ததில்ல" என்று நைனா சொல்வது பெருமைதான், ஆனாலும் அது பொய்யாக இருந்ததில்லை, நான் ஆறாம் வகுப்பு முடித்த அந்தக் கோடை வரைக்கும்.

அந்த வருடம் தடை முடிகிற வாரம் ஷெட்டில் கால்வைக்க இடமில்லை. ஒவ்வொரு ஓனரும் தன் பெட்டிதான் முதலில் ஏற வேண்டும் என்று நைனாவின் தலைக்குமேல் நின்றார். ஏகாம்பரம் மட்டும் சத்தம் போடாத மனிதர், நைனாவோடு ஒரே வாளியில் கை கழுவுகிற அளவுக்குப் பல வருடப் பழக்கம் உள்ளவர், டயர்க்கடை வாசலில் உட்கார்ந்து பீடி குடித்தபடி தன் முறைக்குக் காத்திருந்தார். அவருடைய படகை ஓட்டியது அவர் அக்கா மகன் மாரி. அப்போதுதான் கல்யாணமானவர், சிரித்த முகம், என்னை "பாப்பா" என்று கூப்பிட்டு வரும்போதெல்லாம் ஒரு பொட்டலம் இறால் கருவாடு கொண்டுவருகிறவர்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். படகு முன்னே போகும்போது அடியில் சுழலும் விசிறி, தன் தண்டைப் பெட்டியை நோக்கி அழுத்தும். ரிவர்ஸ் போட்டால் அதே தண்டு பெட்டியை விட்டு வெளியே ஓடப் பார்க்கும். அப்போது அதை இழுத்துப் பிடித்து நிறுத்துவது ஒரு பெரிய நட்டு. அந்த நட்டு தளராமல் இருக்க, அதன் அடியில் ஒரு மெல்லிய தகட்டு வளையம் இருக்கும், ஓரத்தில் நாக்கு மாதிரி நீட்டல்களோடு. நைனா அவற்றைக் "காது" என்பார். நட்டை முறுக்கி முடித்ததும் ஒரு காதை உளியால் தட்டி நட்டோடு ஒட்ட மடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஏகாம்பரத்தின் பெட்டியில் நைனா நட்டை முறுக்கி நிமிர்ந்தபோது, இன்னொரு ஓனர் தன் பெட்டியைத் தானே தூக்கி வண்டியில் ஏற்றப் போக, அங்கே பெரிய கூச்சலாயிற்று. நைனா அதைத் தீர்த்துவிட்டு வந்து, மீதியைப் பூட்டி அனுப்பிவிட்டார்.

தடை முடிந்து சில நாளிலேயே அந்தப் பெட்டி திரும்பி வந்தது. கடலிலிருந்து பழவேற்காட்டு ஏரிக்குள் நுழையும் முகத்துவாரத்தில், மணல் திட்டில் ஏறிவிடாமலிருக்க மாரி ரிவர்ஸ் போட்டபோது, தண்டு பெட்டியிலிருந்து கழன்று பின்னால் ஓடிப்போய்விட்டது. பிடிப்பில்லாத படகை அலை தூக்கித் திட்டின்மேல் அடித்து, பலகை பிளந்து, வலையெல்லாம் போய், ஆட்கள் நீந்திக் கரையேறினார்கள். யாரும் சாகவில்லை என்பதை அம்மா சாமியிடம் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நைனா பெட்டியைப் பிரித்தபோது ஏகாம்பரம் சாலையோரம் நின்றிருந்தார். நட்டு கழன்று பெட்டிக்குள் தனியாகக் கிடந்தது. அதன் பக்கத்தில் கிடந்த வளையத்தின் காதுகள் எல்லாம், கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே தட்டையாக இருந்தன. நைனா அதைப் பார்த்தார், கழுவுகிற தட்டோடு நின்ற அம்மா பார்த்தாள், நானும் பார்த்தேன். நைனாவின் கை அந்த வளையத்தோடு சட்டைப் பைக்குள் போய் வெறுங்கையாக வெளியே வந்தது.

"இன்னா மேஸ்திரி, இன்னா ஆச்சு?" என்று ஏகாம்பரம் உள்ளே வந்தார்.

"வேகத்துல போய்க்கினு இருக்கசொல்லோ ஒரே அடியா ரிவர்ஸ் இழுத்துக்கீறான். நட்டு எப்பிடித் தாங்கும்?" என்றார் நைனா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஏகாம்பரம் திரும்பிப் போனார். அன்று மாலையே, மீன் ஏலம் விடும் இடத்தில், ஊர்ச் சனத்தின் முன்னால், மாரியின் கன்னத்தில் அவர் அறைந்தார் என்று பிறகு தெரிந்தது.

அன்றிரவு அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "கை தப்பலாம், வாய் தப்பக் கூடாது." நைனா, "நான்தான்னு சொன்னா நாளைக்கு எவன் பொட்டி குடுப்பான்? நீ குடுப்பியா சோறு?" என்று கத்திவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதற்குப் பின் வீட்டில் மூவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்காமல் நடமாடினோம். பள்ளிக்கூடம் திறந்து, "உங்கப்பா இன்னா வேல செய்றாரு?" என்று புது டீச்சர் கேட்டபோது எழுந்து நின்ற நான், முந்தின வருடம் வரை சத்தமாகச் சொன்ன பதிலை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஆடி மாதம் அம்மாவும் நானும் பழவேற்காட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தோம். பாலத்தருகே மாரி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு போக, பின்னால் நாலைந்து பொடியன்கள் "ரிவர்ஸ் மாரி, ரிவர்ஸ் மாரி" என்று கத்தியபடி பின்பக்கமாக நடந்து காட்டினார்கள். அவர் எங்களைப் பார்த்தார். கோபப்பட்டிருக்கலாம், ஆனால் "வாங்கக்கா, பாப்பா வளந்துட்ச்சே" என்று சொல்லிச் சிரிக்க முயன்றார். எந்தப் படகிலும் அவரை ஓட்ட விடுவதில்லை என்று பக்கத்தில் நின்ற மீன்காரம்மா சொன்னாள். அம்மா எடுத்த மீனைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னாள்: "அந்தப் புள்ளைக்குப் பேர் வெச்சிக்கீறாங்க. போய்க் கேட்டுட்டு வா." இன்ன பேர் என்று நான்தான் சொன்னேன். நைனா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

அடுத்த ஞாயிறு மூவரும் குப்பத்துக்குப் போனோம். ஏகாம்பரம் வீட்டு வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். நைனா உட்காரவில்லை, நின்றபடியே சொன்னார்: "காது மடிக்க மறந்துட்டேன். அவன் மேல தப்பு இல்ல." ஏகாம்பரத்தின் கை வலையிலேயே நின்றது. "இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா என் கை எழுந்திருக்காது, மேஸ்திரி" என்றார். பிறகு ஆள் விட்டு மாரியை வரவழைத்து, வந்தவரின் காலைப் பார்த்தபடி, "தப்பு ஒன்னுது இல்லியாம்டா" என்றார்.

மாரி அண்ணன் எங்கள் மூவரையும், தன் மாமாவையும், ஆளில்லாத தெருவையும் பார்த்தார்.

"அடிச்சது ஊரு முன்னால, மாமா. சொல்றது ஊட்டு முன்னாலயா?"

அந்தக் கேள்வி ஏகாம்பரத்துக்குத்தான், ஆனால் நைனாதான் அதை எடுத்துக்கொண்டார். விறுவிறுவென்று ஏலம் நடக்கும் இடத்துக்கு நடந்தார், அம்மாவும் நானும் பின்னால் ஓடினோம். கூடைகளுக்கும் கூவலுக்கும் நடுவில் நின்று, குரல் உடைய, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அதையே சொன்னார். சிலர் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர், "சரி உடு மேஸ்திரி, நடந்தது நடந்துச்சு" என்றார், யாரோ பின்னாலிருந்து எதுவோ சொல்ல ஒரு சிரிப்பு எழுந்தது. ஏலம் மறுபடி தொடங்கியது. நான் அம்மாவின் புடவைத் தலைப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அதைக் கேட்க மாரி அண்ணன் வரவில்லை. அந்த மாதமே அவர் மனைவியோடு காட்டுப்பள்ளிப் பக்கம், துறைமுகக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அவர் போன பிறகும் பொடியன்கள் அந்தப் பேரை வேறு யாரிடமாவது சொல்லி விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஏகாம்பரம் எங்களைத் திட்டியிருந்தால், பெட்டியை வேறு பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தால், தேவலாம் போல இருந்திருக்கும். அவர் அடுத்த வருடமும் நைனாவிடமே வந்தார். நைனா நட்டை முறுக்கிக் காதை மடிக்கும்போது, "வந்து பாத்துக்கோ ஏகாம்பரம்" என்று கூப்பிடுவார். அவர் வரமாட்டார். சாலையில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டு, "நீ செய் மேஸ்திரி" என்பார். இருவரும் அதற்குப் பின் ஒரே வாளியில் கை கழுவி நான் பார்க்கவில்லை.

இப்போது எங்கள் ஷெட் இருந்த இடத்தில் கம்பெனிக்குப் போகிறவர்களின் டூவீலர்கள் நிற்கின்றன. ஏரியில் ஓடும் படகுகளில் எஞ்சின் பின்புறம் வெளியே தொங்குகிறது, அதற்குத் தனியாக ஒரு பெட்டி கிடையாது. ஏகாம்பரம் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. நைனாவுக்குக் கை நடுக்கம்.

போன மாதம் மீஞ்சூர் ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தபோது, நரைத்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கும்மிடிப்பூண்டி மேஸ்திரி பொண்ணுதான?" என்றார். சிரிப்பை வைத்துத்தான் மாரி அண்ணன் என்று அடையாளம் தெரிந்தது. துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை, மகன் காலேஜ், என்று சந்தோஷமாகச் சொன்னார். "நைனா எப்பிடி கீறாரு?" என்று கேட்டார். நான் தயங்கி, "அண்ணா, அன்னிக்கு நைனா ஏலத்துல வந்து சொன்னாரே, அது உங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் சட்டென்று கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்த மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"அவனுக்கு அந்தக் கதை தெரியாதும்மா" என்றார் குரலைத் தாழ்த்தி. "அடி வாங்குனது தெரியக் கூடாதுன்னா, தப்பு என்னுது இல்லன்றதையும் சொல்ல முடியாதில்ல. ரெண்டையும் சேத்து உட்டுட்டேன்."

மகன் வந்து, "யாருப்பா?" என்றான். "நம்ப ஊரு பக்கம் தெரிஞ்சவங்க" என்றார் அவர். வண்டி வந்தது. நான் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, மாரி அண்ணனைப் பார்த்தேன் என்று நைனாவிடம் சொன்னேன். கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னா சொன்னான்?"

"நீங்க எப்பிடி கீறீங்கன்னு கேட்டாரு."

நைனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தாரோ என்னவோ. பிறகு மெல்லப் படுத்து, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.