கூடையில் கை வைக்காத காலம்

சுங்கச் சாவடிச் சேவகன் உத்தியோகம் என்பது, பிறத்தியார் கூடையில் கை விட்டுத் துழாவுவதற்கு மாதச் சம்பளம் வாங்குவது. கரையாம்புத்தூரைத் தாண்டி இங்கிலீஷ்காரன் எல்லை ஆரம்பிக்கிற இடத்தில், ஒரு மூங்கில் தடுப்புக்குப் பக்கத்தில் அந்த வேலையைப் பார்த்தேன். பெண் எடுத்தது கரையாம்புத்தூரில், குடியிருந்தது மாமியார் வீட்டில். அதனால் வீடு பிரெஞ்சு ராஜ்யத்தில், வேலை இங்கிலீஷ் ராஜ்யத்தில். புதுச்சேரியில் மலிவாகக் கிடைக்கும் சீமைச் சரக்கு வரி கட்டாமல் இந்தப் பக்கம் வந்துவிடாமல் பார்ப்பது என் பொறுப்பு. நடுவில் ஒரு வருஷம் நான் எதையும் பார்க்கவில்லை. காரணமே இல்லாமல் மனசு செத்துப்போய், குளிப்பதற்கும் தலை வாருவதற்கும்கூட மலைப்பாக இருந்த வருஷம் அது. அப்படிக் கிடந்து எழுந்தவர்களே, இன்னும் கிடப்பவர்களே, உங்களுக்கு நேர்ந்ததுதான் எனக்கும் நேர்ந்தது.

நல்லவன் என்று பெயர் எடுத்தேன்

முதலில் பசி போயிற்று. பிறகு பேச்சு போயிற்று. சாவடி முக்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். யார் வந்தாலும் போ என்று கை காட்டிவிடுவேன். இதை வியாதி என்று வீட்டில் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லை தாண்டுகிறவர்களுக்கோ ஒரே கொண்டாட்டம். அதுவரை என்னைக் கண்டால் காறித் துப்பியவர்கள் கும்பிட ஆரம்பித்தார்கள். வைக்கோல் வண்டி போகும்போது உள்ளே கண்ணாடிப் புட்டிகள் கிணுகிணுக்கும். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு வண்டிக்காரர் மாட்டை நிறுத்தி ஆசீர்வாதமே செய்துவிட்டுப் போனார்: "முன்னெல்லாம் நீ மூர்க்கனா இருந்த. இப்பத்தான்பா மனுசனா ஆயிருக்க. இப்படியே இரு."

முனுசாமியின் பல்வலி

என்னோடு காவல் இருந்தவன் முனுசாமி. "வாழ்ந்தது போதும்னு தோணுதுடா" என்று ஒருநாள் அவனிடம் வாய்விட்டுச் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பதில் சொல்ல அவனுக்கு மூன்று நொடிகூடப் பிடிக்கவில்லை. "உனக்கு இன்னாபா கொறச்சல்? உக்கார நெழலு இருக்குது, மாசம் பொறந்தா சம்பளம் வருது. என்னைப் பாரு, ரெண்டு பொண்ணு, பல்லுவலி வேற." நீங்களும் இதைக் கேட்டிருப்பீர்கள். ஆள் பேர்தான் மாறியிருக்கும்.

அன்று சாயங்காலம் வரை அவன் பல்வலிக்கு நான் ஆறுதல் சொன்னேன். கிராம்பு வைக்கச் சொன்னேன். புறப்படும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்: "உன்கிட்ட சொன்னதுல எனக்கு மனசு லேசாச்சிபா."

எந்த ராஜ்யத்துப் பேய்?

மாமியார் பூசாரியை வரவழைத்தார். மூன்று வெள்ளிக்கிழமை வேப்பிலையால் அடி வாங்கினேன். வலித்தது. அதைத் தவிர வேறு மாற்றம் இல்லை. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. மூன்றாவது வாரம் பூசாரிக்கே சலித்துப்போய், பகலெல்லாம் எங்கே உட்காருகிறாய் என்று விசாரித்தார். சாவடிப் புளியமரத்தடியில் என்றேன். மரம் எல்லைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார். இங்கிலீஷ் பக்கம் என்றதும் உடுக்கையை உறைக்குள் போட்டுவிட்டார்.

"அதான பாத்தேன். இது அந்தச் சீமைப் பேயி. அங்க புடிச்சத இங்க ஓட்டறதுக்கு எனக்கு அதிகாரம் இல்ல."

வரட்டிக்காரி

கரையாம்புத்தூர் அஞ்சலை வாரம் இருமுறை வரட்டிக் கூடையோடு எல்லை தாண்டுவாள். வரட்டிக்குக் கீழே வேறு ஏதோ போகிறது என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். கை வைக்கத்தான் தெம்பில்லை. ஒருநாள் போ என்று கை காட்டியும் அவள் போகவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு என் எதிரே நின்றாள்.

"ரெண்டு மாசமா என் கூடைய நீ தொடல" என்றாள். நான் மறுபடி போ என்று கை காட்டினேன்.

"எங்க வூட்டுக்காரரும் இப்படித்தான் குந்திக்கினே இருந்தாரு. சோம்பேறின்னு ஏசிக்கினு இருந்தேன். ஒருநாள் கெணத்துல கெடந்தாரு. பொணத்தப் பாக்க வந்த பாகூர் டாக்டரு, இது வியாதிம்மா, முன்னாடியே இட்டுக்கினு வந்திருக்கலாமேன்னாரு. வியாழக்கெழம நீ பாகூருக்குப் போண்ணே. போவலன்னா உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி வண்டி கட்டி அனுப்புவேன்."

காட்ட ஒன்றுமில்லை

பிரெஞ்சு ராஜ்யத்துப் பாகூர் ஆஸ்பத்திரி வரிசையில் எல்லோரிடமும் காட்டுவதற்கு ஒன்று இருந்தது. ஒருவருக்குக் காலில் புண், ஒருவருக்குக் கண்ணில் பூ. நான் மட்டும் முழுசாக நின்றேன். பக்கத்தில் நின்றவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு எங்க அடி?" என்றார்.

டாக்டர் நம் ஊர்க்காரர்தான், கால்சட்டை போட்டவர். நாக்கை நீட்டச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டார். அந்த வருஷம் முழுவதும் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். தேம்பித் தேம்பி அழுதேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். இதற்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் இருக்கிறது, முறைக்காய்ச்சல் மாதிரி இதுவும் வியாதிதான், உன் குற்றம் இல்லை என்றார். தூங்குவதற்கு மருந்து கொடுத்தார். வியாழன்தோறும் வந்து மனசில் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டார். வாசல்வரை வந்து சொன்னார்: "மருந்து குடிச்சதும் சிரிப்பு வந்துடாது. முதல்ல பசி வரும், அப்புறம் கோபம் வரும். கோபம் வந்தா என்கிட்ட வந்து சொல்லு, நான் சந்தோஷப்படுவேன்."

சாவடியில் ஒரு சோதனை

மறுநாள், வீட்டில் வைத்தால் மாமியார் கொட்டிவிடுவார் என்று மருந்துப் புட்டியோடு வேலைக்குப் போனால் முனுசாமி தடுப்பை இறக்கிவிட்டான். பிரெஞ்சு எல்லையிலிருந்து வரும் புட்டி, சட்டப்படி சோதிக்க வேண்டும் என்றான். மோந்து பார்த்தான். தெரியவில்லை. குடித்துப் பார்த்தான். அப்போதும் தெரியவில்லை என்று இன்னொரு மடக்கு குடித்தான். மதியம் எங்கள் மேலதிகாரி ஜமேதார் வந்தபோது அவன் தடுப்பைக் கட்டிக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"சீக்காளின்னு சொன்னவன் நிக்கறான், காவலுக்கு வெச்சவன் கவுந்து கெடக்கறான். இதுல எவன்யா நோயாளி?"

கோபம் வந்த நாள்

பல வியாழக்கிழமைகள் போயின. நடுவில் இரண்டு முறை, இதெல்லாம் வீண் என்று பாதி வழியில் திரும்பினேன். மனைவி மறுபடி அனுப்பி வைத்தாள். மெல்லப் பசி வந்தது. குழம்பில் உப்பு இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஒருநாள் காலை அஞ்சலை வரட்டிக் கூடையோடு விடுவிடுவென்று தடுப்பைக் கடந்தாள். என்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் இவள் என்று சுரீரென்று ஏறியது. "நில்லுடி" என்று கத்தி, கூடையை இறக்கிக் கை விட்டேன். வரட்டிக்குக் கீழே ஆறு பிராந்திப் புட்டிகள்.

கோபம் வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டாள். வழக்குப் போட்டால் ஜெயில்தான். முனுசாமி வருவதற்குள் வரட்டியைப் பழையபடி அடுக்கினேன். வந்த வழியே திரும்பிப் போ, இனி இந்தச் சாவடிப் பக்கம் வராதே என்று கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்தேன். மனசு கேட்கவில்லை. நான் தேறினால் உன் கூடையில் கை வைப்பேன் என்று உனக்குத் தெரியாதா என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா? நீ கூடையில கை வெச்சா எனக்குக் கஷ்டம். நீ கெணத்துல கெடந்தா உன் பொண்டாட்டிக்குக் கஷ்டம். எனக்கு ரெண்டும் தெரியும்ண்ணே."

நான் பிழைத்து எழுந்ததில் நஷ்டப்பட்டவர்கள் அந்த எல்லையில் இருபது பேராவது இருப்பார்கள். தெரிந்தே நஷ்டப்பட்டவள் அஞ்சலை ஒருத்திதான்.