சட்டை மாட்டிய பக்கம்

புது டென்னிஸ் பந்தின் உறையைப் பிரித்தால் ஒரு வாசனை வரும். ரப்பரும் பசையும் கலந்தது; சைக்கிள் கடையில் பங்சர் ஒட்டும்போது வருகிற வாசனைக்குத் தம்பி முறை. மற்றவர்களுக்கு அது விளையாட்டின் வாசனையாக இருக்கலாம். எனக்கு அது பொறாமை. செங்கல்பட்டில் எங்கள் தெருமுனைக் கடையில் யாராவது ஒரு பந்தைப் பிரித்தால் போதும், என் தோள் தானாகச் சுழன்று நிற்கிறது. கூடவே அவன் முகம் வருகிறது.

அவன் என்னோடு பள்ளியில் படித்தவன். கல்பாக்கத்தில் அணுமின் நிலைய ஊழியர் பஸ் ஓட்டுகிறான். சதுரங்கப்பட்டினத்தில் கடலோர மைதானம் ஒன்றில், நாற்பதைத் தாண்டியவர்களுக்கென்று ஞாயிறுதோறும் டென்னிஸ் பந்து கிரிக்கெட் பந்தயம் நடக்கும். தையில் தொடங்கிச் சித்திரையில் முடியும். நாங்கள் இருவரும் ஒரே டீம், இருவருமே பந்து வீசுகிறவர்கள். புதுப்பந்தில் முதல் ஓவர் எப்போதும் அவனுக்கு. நான் இரண்டாவது.

அந்த மைதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்து வீசுகிறவன் முதல் நாள் எந்தப் பக்கத்து மரத்தில் சட்டையைக் கழற்றி மாட்டுகிறானோ, அந்தப் பக்கம் அவனுடையது; அங்கிருந்துதான் வீசுவான். பிறகு மாற மாட்டான். மாறினால் கை போய்விடும் என்று நம்பிக்கை. அவன் சட்டை ரோட்டோரப் பனைமரத்து ஆணியில். என் சட்டை கடலோரச் சவுக்கில். எத்தனையோ சீசனாக அப்படித்தான்.

தை மாதத்தில் அவன் வீசுவதைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்க மாட்டேன். அவன் ஓடிவரத் தொடங்கியதும் முகத்தைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஸ்டம்ப் சாயும் சத்தம் முதுகில் வந்து விழும். விடிந்ததும் கொளவாய் ஏரிக்கரையில் ஓடுகிறவன் நான். முந்தின ராத்திரி பரோட்டா தின்றுவிட்டு, தொப்பையைத் தடவிக்கொண்டு வருகிறவன் அவன். ஆனால் பந்துக்கு அதெல்லாம் தெரியவில்லை. அது அவன் விரலைவிட்டுப் புறப்படும்போது கூடுதலாக ஏதோ ஒன்றை வாங்கிக்கொண்டு போயிற்று. அந்த ஏதோ ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. என்னைப் போல் கவிதை எழுதுகிறவனுக்கு இது கேவலம்தான். ஒரே ஒரு சீசன், அவனைவிட நான் என்று ஆகிவிட வேண்டும். அதற்குமேல் ஆசை இல்லை என்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பங்குனியில் வேண்டுதல் பலித்தது.

அவன் பந்து சோர்ந்தது. அடிக்கிறவர்கள் நின்று நிதானமாக அடித்தார்கள். என் பந்தோ எழும்பியது, சீறியது, ஆளைத் தாண்டிப் போனது. ஏரிக்கரையும் ஓட்டமும்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். அவனுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, ராத்திரி ஷிப்ட் கண்ணைத் தின்கிறது, பரோட்டா பழிவாங்குகிறது. காரணங்களைப் பாக்கு மாதிரி வாயில் அதக்கிக்கொண்டு திரிந்தேன். இனித்தது.

கூடுவாஞ்சேரியில் டயர் கடை வைத்திருக்கிற எங்கள் கேப்டன், இறுதி ஆட்டத்தன்று பிற்பகலில் உறை பிரித்த பந்தை என் கையில் வைத்தார்.

"இன்னா அண்ணாத்த, உனக்கு மட்டும் வயசு ரிவர்ஸ்ல போய்கினு கீது? முதல் ஓவர் நீயே போடு."

அவன் பக்கத்தில்தான் நின்றான். "குடு குடு. பாவம், ரொம்ப நாளா வாசனை புடிச்சிகினு கீறான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பந்தை மூக்கிலிருந்து இறக்கினேன்.

அன்று என் பந்தில் விக்கெட்டுகள் விழுந்தன. அவன் பந்தை எதிரணி கிழித்தது. இருந்தும் ஜெயித்தோம். ஜெயித்தது என்னால். கேப்டனே வாய்விட்டுச் சொன்னார்.

ஆட்டம் பார்க்க வந்திருந்த அவன் மனைவி, டீ கொடுத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "கண்ணுதாண்ணா. தை மாசம் எப்படிப் போட்டுச்சு இந்த ஆளு. எவன் கண்ணோ பட்டுச்சு. வூட்டுக்குப் போனதும் உப்பும் மொளகாயும் சுத்திப் போடணும்."

"எவன் கண்ணு?" என்றான் அவன்.

"யாரு கண்டா. கூட நிக்கிறவன் கண்ணாக்கூட இருக்கும்."

வெகுளியாகத்தான் சொன்னாள். நான் கீழே பார்த்தபடி டீயைக் குடித்தேன். அந்தக் கண் என் முகத்தில்தானே இருக்கிறது, எங்கே கொண்டுபோய் வைப்பேன்? குடித்து முடித்த காகிதக் கப்பை வீசினேன். அது விழுந்த இடத்தில் நிற்கவில்லை. மணலில் உருண்டு, மைதானத்தைத் தாண்டி, ரோட்டோர வேலியில் போய் ஒட்டிக்கொண்டது. அங்கே ஏற்கெனவே ஒரு குவியல் கப்புகள்.

தை மாதத்தில் கப்புகள் சவுக்கின் அடியில் அல்லவா சேரும்?

காலையில் ஆடுவோம் அப்போது. காற்று ரோட்டுப் பக்கமிருந்து கடலுக்குப் போகும். இந்த வருஷம்தான் முதல்முறையாக, பங்குனி வெயில் ஏறினதும் ஆட்டத்தைப் பிற்பகலுக்கு மாற்றினோம், கடல்காற்று வந்தால்தான் எங்கள் வயதுக்கு ஓட முடியும் என்று. காற்றுக்காகவே நேரத்தை மாற்றினோம். காற்று யார் முதுகில் அடிக்கிறது என்று ஒருவரும் நினைக்கவில்லை. டென்னிஸ் பந்து பஞ்சு மாதிரி. முதுகில் காற்று இருந்தால் எவனும் சூரன். தை அவனுக்கு வீசியது. சித்திரை எனக்கு வீசியது. ஏரிக்கரை ஓட்டமும் இல்லை, பரோட்டாவும் இல்லை.

என் ஒரே ஒரு சீசன் வேலியில் காகிதக் கப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் ஸ்கூட்டியில் முன்னால் போய்விட, பஸ் நிறுத்தம்வரை அவன் என்னோடு நடந்தான். சொல்லாமலே பஸ் ஏறிவிடலாம். ஆனால் மிளகாய் சுற்றுவார்களே, அதில் என் கண்ணும் சேர்ந்து எரியுமே.

"உங்க வூட்ல சொல்லு, கண்ணெல்லாம் இல்ல" என்றேன். "காத்து. தையில உன் முதுகுல இருந்துச்சு. இப்ப என் முதுகுல."

"தெரியும்" என்றான்.

நான் நின்றுவிட்டேன். அவன் நிற்கவில்லை; நான்தான் எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"எப்பலேர்ந்து?"

"தெனமும் இதே ரோட்ல வண்டி ஓட்றேன் மச்சான். பஸ்ஸ எந்தப் பக்கம் தள்ளுதுன்னு கைக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏண்டா கடல் பக்கம் கேக்கல?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். தூரத்தில் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது.

"தையில நீ எதுர்காத்துல திண்டாடினே. நான் வந்து, மாத்திக்கலாம் வாடான்னு சொன்னனா? சொல்லல. ஆனந்தமா பாத்துகினு இருந்தேன். அப்புறம் இன்னா மூஞ்சிய வச்சிகினு இப்ப உன்னாண்ட வந்து கேக்கறது?"

அவனும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அதுகூட எனக்கு ஆறுதலாக இல்லை. இதை இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறதே இவனால் என்று அதற்கும் சேர்த்துப் பொறாமையாக இருந்தது.

பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்துத் திரும்பினேன்.

"அடுத்த தையில நீ பனைமரத்துல சட்டைய மாட்டு. வழக்கமாவது ஒண்ணாவது" என்றான்.

"அப்ப நீ?"

"நானா? நான் எதுர்காத்துல போட்டுப் பழகிட்டேன் மச்சான். நீதான் இன்னும் பழகல."